எழுத்தைக் குலுக்கினால் ஆங்கிலம் உதிராது

கோடை விடுமுறை வந்தால் போதும், பெற்றோருக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடத் தொடங்கிவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஸ்கிராபிள் வாங்கிக் கொடுங்கள், செய்தித்தாளில் வரும் எழுத்துப் புதிர்களைப் போடச் சொல்லுங்கள், கொடுத்த எழுத்துகளுக்குள் எத்தனை ஆங்கிலச் சொல் ஒளிந்திருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். சொல்வளம் பெருகும், ஆங்கிலம் தானாக வந்துவிடும். ஆசிரியர்கள் இதற்குத் தலையாட்டுகிறார்கள். பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் துண்டறிக்கையில் அச்சடிக்கிறார்கள். இதே நம்பிக்கையின் மறுபாதியும் ஊரில் புழங்குகிறது: இந்த ஆட்டத்தில் ஜெயிக்க ஆங்கிலத்தில் புலியாக இருக்க வேண்டும், கான்வென்டில் படித்த பிள்ளைக்கு எதிரே அரசுப் பள்ளிப் பிள்ளை உட்கார்ந்தால் அவமானம்தான் மிஞ்சும்.

இரண்டையும் நான் மறுக்கிறேன். எழுத்துக் கும்பலுக்குள் சொல்லைத் தேடி எடுப்பது ஒரு திறமை, ஆங்கிலம் அறிவது வேறொரு திறமை. இதை ஆடினால் அது வரும் என்பதும், அது இருந்தால்தான் இதை ஆட முடியும் என்பதும் சோதித்துப் பார்க்காமல் திருப்பித் திருப்பிச் சொல்லப்படுகிற பேச்சு. சோதனை நடக்காமலும் இல்லை. உலகத்தின் கண்ணெதிரே பலமுறை நடந்திருக்கிறது.

நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் வாழ்கிறவர். ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக சாம்பியன். 2007இல் முதல் பட்டம். அவர் 2015 ஜூலையில் பெல்ஜியத்தின் லூவான்-லா-நூவ் நகரில் நடந்த பிரெஞ்சு மொழி உலகப் போட்டிக்குப் போனார். பிரெஞ்சு பேசத் தெரியாது. போட்டிக்கு முன்னால் சுமார் ஒன்பது வாரம் பிரெஞ்சுச் சொற்பட்டியலைப் படித்தார் என்று அப்போது செய்திகள் வந்தன. அந்தப் பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 3,86,000 சொற்கள். இறுதிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவர் கபோன் நாட்டுக்காரர், பிரெஞ்சிலேயே புழங்குகிறவர். ரிச்சர்ட்ஸ் ஜெயித்தார். நன்றி சொல்ல மொழிபெயர்ப்பாளர் உதவி தேவைப்பட்டது. தற்செயலாக நடந்துவிட்டது என்று சொன்னவர்களுக்காக 2018இல் அதே பட்டத்தை மறுபடியும் வாங்கினார். 2024 நவம்பரில் ஸ்பெயினின் கிரனடா நகரில் ஸ்பானிய மொழி உலகப் பட்டமும் அவருக்கே. 24 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று. ஸ்பானிய மொழியும் அவருக்குப் பேச வராது.

இந்த ஆட்டம் மொழி அறிவைச் சோதிப்பது என்றால், பாரிஸில் பிறந்து வளர்ந்தவர்களையும் மாட்ரிட்காரர்களையும் பேசத் தெரியாத ஒரு மனிதர் வரிசையாக எப்படி உட்கார வைத்தார்? சொல்வளத்தை வளர்ப்பது என்றால், லட்சக்கணக்கான சொற்களை உள்ளே ஏற்றிய பிறகும் அவருக்கு ஏன் பிரெஞ்சு வரவில்லை? நம்பிக்கையின் இரண்டு பாதிக்கும் ஒரே ஆள் பதிலாக நிற்கிறார்.

‘அவர் ஒரு பிறவி அதிசயம், அவரை வைத்துப் பேசாதே’ என்பார்கள். சரி, தாய்லாந்துக்குப் போவோம். அங்கே ஆங்கிலம் வீட்டு மொழியும் அல்ல, ஆட்சி மொழியும் அல்ல. ஆனால் பாங்காக்கில் நடக்கும் கிங்ஸ் கப் உலகின் மிகப் பெரிய ஸ்கிராபிள் போட்டிகளில் ஒன்று. மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஆடுவார்கள். 2003இல் கோலாலம்பூரில் நடந்த ஆங்கில உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் இருந்த இருவருமே தாய்லாந்துக்காரர்கள். பனுபோல் சுஜ்ஜயகோர்ன் ஜெயித்தார், பகோர்ன் நெமித்மன்சுக் இரண்டாமிடம். அதே பகோர்ன் 2009இல் ஜொகூர் பாருவில் உலகப் பட்டம் வாங்கினார். இறுதிச் சுற்றில் தோற்றவர் யார் தெரியுமா? நைஜல் ரிச்சர்ட்ஸ்.

தேடுகிறவரின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இதில் அதிசயமே இல்லை. உங்கள் தட்டில் ஏழு எழுத்துகள்: ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. இவற்றை 5,040 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் பொழுது விடிந்துவிடும். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர் என்ன செய்வார்? எழுத்துகளை உற்றுப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள் ஏதேதோ முணுமுணுத்து, ஒரு சொல் காதில் வந்து விழட்டும் என்று காத்திருப்பார். ‘ஸ்டெய்ன்’ விழும், ‘டிரெய்ன்’ விழும், ஐந்தெழுத்தோடு நின்றுபோகும். பழகியவர் காத்திருப்பதில்லை. கை வேலை செய்யத் தொடங்கும். ஆரையும் இயையும் முன்னால் தள்ளுவார்: ‘ரீடெய்ன்ஸ்’ வந்துவிட்டது. அதே இரண்டையும் இடம் மாற்றிப் பின்னால் கொண்டுபோவார்: ‘ஸ்டெய்னர்’. அதற்கு முன்னால் ஐயைச் சேர்த்துப் பார்ப்பார்: ‘நாஸ்டியர்’, ‘ஆன்ட்சியர்’. எஸ்ஸைக் கடைசியில் ஓரங்கட்டி மீதி ஆறைப் பார்த்தால் ‘ரெட்டினாஸ்’. இதெல்லாம் போக, பிசின் வாசனை ஏற்றிய கிரேக்க மது ‘ரெட்சினா’வும், மெழுகுவர்த்திக்குப் போகும் கொழுப்பு ‘ஸ்டியரின்’னும் அதே ஏழெழுத்துக்குள்தான் இருக்கின்றன. இவற்றில் எதற்கும் பொருள் தெரிய வேண்டியதில்லை. எது எதோடு ஒட்டும், எது முன்னால் நிற்கும், எது பின்னால் நிற்கும் என்பதுதான் தெரிய வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். கொடுத்த எழுத்துகள் எல்லாம் இருக்க வேண்டும், கூட ஒன்று சேர்ந்தும் வரலாம் என்ற வகைத் தேடல். போட்டிக்காரர்கள் இதற்கென்றே ஆறெழுத்து அடித்தண்டுகளை வைத்திருக்கிறார்கள். ‘ரெட்டினா’ அவற்றில் பேர்போன ஒன்று. அதோடு ஜி சேர்ந்தால் ‘கிரானைட்’, ‘டியரிங்’, ‘இன்கிரேட்’. சி சேர்ந்தால் ‘சர்ட்டன்’. பி சேர்ந்தால் ‘பெயின்டர்’, ‘பெர்டெய்ன்’. எல் சேர்ந்தால் ‘லேட்ரின்’, ‘ரிலயன்ட்’. கண்ணின் விழித்திரைக்கும் கருங்கல்லுக்கும் ஓவியருக்கும் கழிப்பறைக்கும் என்ன உறவு? ஆங்கிலத்தில் ஓர் உறவும் இல்லை. எந்த ஆங்கில வகுப்பிலும் இந்த நான்கையும் ஒன்றாகச் சொல்லித்தர மாட்டார்கள். ஆட்டக்காரரின் மண்டைக்குள் மட்டும் இவை ஒரே குடும்பம், ஒரே முகவரி. பொருளால் அடுக்கப்பட்ட மொழியை எடுத்து எழுத்தால் மறுபடி அடுக்கிக்கொண்டவர்கள் அவர்கள். பேசுவதற்கு அந்த அடுக்கு துளியும் பயன்படாது.

கணினியும் இப்படியேதான் தேடுகிறது. ஜான் பென்ட்லி எழுதிய ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ என்ற 1986ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படித்த நிரலாளர்களுக்கு இந்த உத்தி மனப்பாடம். ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே சொல்லுக்கு அடையாளச் சீட்டாக ஒட்ட வேண்டும். ‘ரீடெய்ன்ஸ்’ஐ அடுக்கினாலும் ‘நாஸ்டிய’ரை அடுக்கினாலும் கிடைப்பது ஏ, இ, ஐ, என், ஆர், எஸ், டி. ஒரே சீட்டுள்ளவை ஒரே குவியலில் போய் விழும். பிறகு எந்த எழுத்துக் கும்பலைக் கொடுத்தாலும் அடுக்கிப் பார்த்துக் குவியலை எடுத்துக் கொடுத்துவிடலாம். ஸ்கிராபிள் ஆட்டக்காரர்கள் இதே அடுக்கை ஆல்ஃபாகிராம் என்கிறார்கள். சொற்பட்டியலைப் படிக்கும்போது பலர் அந்த வரிசையைப் பார்த்து விடை சொல்லித்தான் பழகுகிறார்கள். 2006இல் டொரன்டோவில் முன்னாள் உலக சாம்பியன் டேவிட் பாய்ஸ், குவாக்கிள் என்ற நிரலிடம் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார். குவாக்கிளுக்கு ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளும் தெரியாது. ஆங்கிலம் அறியாத இயந்திரம் ஆங்கிலம் அறிந்த சாம்பியனை வென்ற பிறகும், இது ஆங்கிலத் தேர்வு என்று சொல்லிக்கொண்டிருப்பவர்களை என்னவென்று சொல்வது?

இப்போது சொல்வளத்துக்கு வருகிறேன். ஆடும்போது புதிய சொற்கள் கண்ணில் படுகின்றன, அவை மனத்தில் தங்கும் என்பது அவர்களின் வாதம். எந்தச் சொற்கள்? இந்த வகை ஆட்டங்கள் இரண்டு சாதி. ஒன்று, எல்லாருக்கும் தெரிந்த சொற்களை மட்டும் விடையாக வைப்பது. 2021இல் பரவிய ஐந்தெழுத்துச் சொற்புதிரான வேர்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஷ் வார்டில் அதைச் செய்தபோது சுமார் 12,000 ஐந்தெழுத்துச் சொற்கள் கையில் இருந்தன. அவருடைய துணைவி உட்கார்ந்து, பழக்கமில்லாதவற்றைக் கழித்துச் சுமார் 2,500 ஆக்கினார். அந்த விடைகளில் பெரும்பாலானவை ஓரளவு ஆங்கிலம் படித்தவருக்குப் பழகியவை. ஏற்கெனவே தெரிந்ததைக் கண்டுபிடிப்பதால் சொல்வளம் எப்படிப் பெருகும்?

இன்னொரு சாதி, அகராதி முழுவதையும் திறந்துவிடுவது. ஸ்கிராபிள் போட்டிகளுக்கான காலின்ஸ் பட்டியலில் ஏறத்தாழ 2,80,000 சொற்கள். ஈரெழுத்துச் சொற்கள் மட்டும் 127. ஆட்டத்தின் முதுகெலும்பே இந்த ஈரெழுத்துச் சொற்கள்தான். இவை தெரியாமல் ஒரு வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசையை ஒட்டி வைக்க முடியாது. அவற்றில் எவை அதிகம் புழங்குகின்றன என்று பாருங்கள். க்யூ-ஐ: சீன மரபில் உயிராற்றல். இசட்-ஏ: பீட்சாவின் கொச்சைச் சுருக்கம். எக்ஸ்-யூ: வியட்நாமின் சில்லறைக் காசு. இவற்றை வைத்து எந்த நேர்முகத் தேர்வில் பேசுவது? மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ‘தோசா’வும் உண்டு. அதன் பன்மை ‘தோசாஸ்’, அல்லது ‘தோசை’. ஆம், அவர்கள் கணக்கில் நாம் ஒரு தோசை சாப்பிட முடியாது. தோசை என்றாலே பன்மை. தமிழர் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு, ‘தோசா’வின் வாலில் ஐயைக் கொண்டுவந்து ஒட்டலாம் என்பது மட்டுமே செய்தி.

ஆக, ஒரு சாதி ஆட்டத்தில் கிடைப்பது தெரிந்த சொல், இன்னொன்றில் கிடைப்பது யாருக்கும் தேவைப்படாத சொல். எழுத்துக்கூட்டல் கொஞ்சம் செம்மைப்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்று கை பழகுகிறதல்லவா. அதற்கு மேல் கேட்பது பேராசை. சதுரங்கத்தில் யானையைத் திறமையாக நகர்த்துகிறவரைக் கோயில் யானைக்குப் பாகனாக வரச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஸ்கிராபிளில் மட்டும் அந்தத் தெளிவு நமக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழக உளவியலாளர்கள் போட்டி ஸ்கிராபிள் ஆட்டக்காரர்களைச் சோதித்து 2012 வாக்கில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். திரையில் தோன்றுவது சொல்லா, வெறும் எழுத்துக் கூட்டமா என்று சட்டென்று சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் கெட்டிக்காரர்களாகத்தான் இருந்தார்கள். மேலிருந்து கீழாக எழுதிய சொற்களில் அவர்களின் சாமர்த்தியம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் முக்கியமான முடிவு வேறு. சாதாரணமாக நாம் ஒரு சொல்லை அடையாளம் காண அதன் பொருளும் கைகொடுக்கிறது. ஆட்டக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பொருளைச் சார்ந்திருந்தார்கள். எந்தப் பக்கம் அழைத்துப் போவதாகத் துண்டறிக்கை சொல்கிறதோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

ஆட்டத்தைப் படைத்தவரின் பையையே அவிழ்த்துப் பார்க்கலாம். ஆல்ஃபிரட் பட்ஸ் நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக இருந்து, 1930களின் பெருமந்தத்தில் வேலை இழந்தவர். செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணினார். முதலில் பலகையே கிடையாது. ‘லெக்சிகோ’ என்று பெயர். பலகை பிறகு வந்தது, ஸ்கிராபிள் என்ற பெயர் ஜேம்ஸ் புருனோ கையில் 1948இல் வந்தது. பட்ஸ் எண்ணியது செய்தித்தாளைத்தான் என்றாலும், பைக்குள் இருப்பது செய்தித்தாளின் ஆங்கிலம் அல்ல. ஓர் ஆங்கிலப் பக்கத்தில் நூறு எழுத்துக்குச் சுமார் ஆறு ஹெச் வரும். நூறு வில்லைகள் உள்ள பையில் ஹெச் இரண்டே இரண்டு. எஸ்ஸும் பக்கத்தில் ஆறுக்கு மேல் வரும். பையில் நான்குதான், ஏனென்றால் எஸ்ஸைத் தாராளமாகக் கொடுத்தால் எல்லாரும் பன்மை ஒட்டியே காலத்தை ஓட்டிவிடுவார்கள். அவர் சமன் செய்தது ஆட்டத்தின் நியாயத்தை. ஆங்கிலப் பாடம் நடத்துவது அவர் கணக்கிலேயே இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு எதிர்த்தரப்பு சட்டென்று கட்சி மாறும். ‘அப்படியானால் இது வெறும் மனப்பாடம். பொருள் தெரியாமல் சொல்லை வைப்பது கிளிப்பிள்ளை வேலை, ஏமாற்று வேலை.’ இத்தனை நாள் தலையில் தூக்கி வைத்ததை ஒரே நொடியில் கீழே போட்டு மிதிப்பார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. பட்டியலை உருப்போட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், சாம்பியன்கள் சிலர்தான். போட்டியில் ஆளுக்கு 25 நிமிடம். முழு ஆட்டத்துக்கும் அவ்வளவுதான். அதற்குள் குலைந்து கிடக்கும் எழுத்துகளில் சொல்லைக் காண வேண்டும். அதைப் பலகையில் இடம் பார்த்துப் பொருத்த வேண்டும். தட்டில் மிஞ்சுகிற எழுத்துகள் அடுத்த முறைக்கு உதவுமா என்று யோசிக்க வேண்டும். பையில் இன்னும் என்னென்ன பாக்கி என்று எண்ணிக்கொண்டே வர வேண்டும். 2015இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உலகப் பட்டம் வாங்கிய வெலிங்டன் ஜிகெரே நைஜீரியர். இறுதிச் சுற்றில் பிரிட்டன்காரர் ஒருவரை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றார். அவருடைய அணி, ஏழெழுத்துகளையும் இறக்கி 50 புள்ளி ஊக்கப்பரிசு வாங்கும் வாய்ப்பு இருந்தாலும், இடம் பார்த்து ஐந்தெழுத்துச் சொல்லோடு நிறுத்திக்கொள்ளும் உத்திக்குப் பேர்போனது. பெரிய சொல்லைக் காட்டிப் பெருமைப்படுவது வேறு, ஆட்டத்தை ஜெயிப்பது வேறு என்று தெரிந்தவர்கள். கிளிப்பிள்ளை இப்படிக் கணக்குப் போடுமா?

மனப்பாடம் என்ற சொல்லையே வசவாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை முதலில் வாயில் ஏற்றினார்கள், விளக்கமெல்லாம் பிறகு. கையில் சரக்கு இருந்தால்தானே அதை வைத்து எதையாவது செய்ய முடியும்.

இந்த இரண்டு தப்பெண்ணங்களும் சேர்ந்து நம் வீடுகளில் ஆட்டத்தைக் கெடுத்து வைத்திருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஒரு விதி: சொல்லை வைத்தால் பொருளையும் சொல்ல வேண்டும், வாக்கியத்திலும் அமைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி கிடையாது. பத்து வயதுப் பையன் எக்ஸ் எழுத்தை மும்மடங்குக் கட்டத்தில் கச்சிதமாக இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். ‘எங்கே, ஒரு சென்டென்ஸ் சொல்லு’ என்றார் அப்பா. பையனுக்கு வாக்கியம் வரவில்லை. வில்லைகளைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள். அவன் கண்டுபிடித்த இடம் எவ்வளவு அருமையான இடம் என்பதை அந்த மேசையில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆட்டம் தேர்வாகிவிட்டது, வீடு வகுப்பாகிவிட்டது.

நம் ஊரில் ஆங்கிலம் ஒரு மொழியாக மட்டும் வருவதில்லை. யார் எந்தப் பள்ளி, யார் வீட்டில் என்ன வசதி, யாருடைய உச்சரிப்பைக் கேட்டு யார் சிரிக்கலாம் என்ற முழு மூட்டையும் கூடவே வருகிறது. வாயைத் திறந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஆங்கில எழுத்துகளோடு உட்காரக் கிடைத்த அபூர்வமான இடம் இந்தப் பலகை. இங்கே உச்சரிப்புக்கு மார்க் இல்லை. இலக்கணம் இல்லை. இருபத்தாறு எழுத்தும், ஒரு சொற்பட்டியலும், பொறுமையும் இருந்தால் போதும். பாங்காக் மாணவனுக்குக் கிடைத்த வாய்ப்பு இதுதான். இதைக் கொண்டுபோய் ‘ஆங்கிலப் பயிற்சி’ என்று பெயர் சூட்டுகிறவர்கள், இறக்கி வைத்த மூட்டையை மறுபடியும் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளை பலகைக்கு அருகிலேயே வராமல் போவதற்கு இந்தப் பெயர்தான் காரணம். ஆட்டத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு வழிகள் இருக்கின்றன, அவற்றில் ரகசியம் எதுவும் இல்லை: கதைப் புத்தகம், செய்தித்தாள், தப்பாகப் பேசினாலும் சிரிக்காமல் பதில் பேசுகிற ஓர் ஆள். ஸ்கிராபிள் பெட்டியைத் திறக்கும்போது அந்தக் கவலையை மூடி வையுங்கள். 127 ஈரெழுத்துச் சொற்களையும் ஒரே தாளில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் எல்லார் பார்வைக்கும் வையுங்கள். பார்த்து ஆடட்டும், பொருள் கேட்காதீர்கள். சொல் செல்லுமா செல்லாதா என்று சந்தேகம் வந்தால் பட்டியலைப் புரட்டுங்கள், தீர்ப்பு சொல்ல வேண்டியது அப்பா அல்ல. பிள்ளை தோற்றால் ‘இங்கிலீஷ் போதாது’ என்று சொல்லாதீர்கள், ‘எஸ்ஸை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டாய்’ என்று சொல்லுங்கள்.